மின்சாரம் போனாலும் எடைக்கணக்கு நிற்க: அழியா நினைவகப் பக்கங்களை இணைக்கும் முறை

ஈரோட்டு மஞ்சள் மண்டியில் ஒவ்வொரு மூட்டையின் எடையையும், அது விரலியா கிழங்கா என்பதையும் பதியும் சிறு நிரல் ஒன்றை எடுத்துக்கொள்வோம். எடையைப் பதிந்த கணத்தில் மின்சாரம் போய்விட்டால், அந்த வரி மறுநாள் இருக்க வேண்டும்.

வழக்கமான கோப்பை எம்மேப் செய்தால் (அதாவது நிரலின் நினைவக முகவரிகளோடு இணைத்தால்), லினக்ஸின் மையமான கெர்னல் வட்டிலுள்ள தரவை ரேமிலுள்ள பேஜ் கேஷ் என்னும் இடைச்சேமிப்பில் படியெடுத்து, அந்தப் படியையே நிரலின் பக்க அட்டவணையில் (எந்த முகவரி எங்கே சுட்டுகிறது என்னும் பட்டியலில்) இணைக்கும். மின்சாரம் போனாலும் தரவு நிலைக்கும் அழியா நினைவகத்தில், அதை நேராக அணுகும் டாக்ஸ் முறையைக் கையாண்டால் இடையில் படி கிடையாது; 4096 பைட் பக்கம் ஒவ்வொன்றும் சாதனத்தையே நேராகச் சுட்டும்.

பழகுவதற்குத் தனி வன்பொருள் தேவையில்லை. 16 ஜிபி ரேம் உள்ள கணினியில், 'மெம்மேப்' என்னும் கெர்னல் அளவுருவால் 12 ஜிபி முகவரியிலிருந்து 4 ஜிபியை ஒதுக்கினால், அது பிமெம் (அழியா நினைவகம்) சாதனமாகத் தென்படும். (அடியில் இருப்பது ரேம்தான்; மின்சாரம் போனால் அழிந்துவிடும்.) அதில் எக்ஸ்ட்4 கோப்பு முறைமையை அமைத்து, டாக்ஸ் விருப்பத்தோடு மவுன்ட் செய்யுங்கள். கோப்புக்கு முன்கூட்டியே இடம் ஒதுக்கிவிடுங்கள். கோப்பின் நீளத்துக்கு அப்பாலுள்ள பக்கத்தைத் தொட்டால் சிக்பஸ் என்னும் பிழைச் சமிக்ஞை வந்து நிரல் நின்றுவிடும்.

எம்மேப் அழைப்பில்தான் மிகுந்த கவனம் வேண்டும். கோப்பின் இட விவரத்தை எழுதுமுன் நிலைப்படுத்தச் சொல்லும் 'மேப் சிங்க்' கொடியை, வெறும் 'மேப் ஷேர்டு' உடன் கொடுத்தால், கெர்னல் அதைச் சத்தமின்றித் தள்ளிவிடும். நானும் அப்படிக் கொடுத்துவிட்டு, எல்லாம் சரியென்று இரண்டு நாள் நம்பியிருந்தேன். 'மேப் ஷேர்டு வேலிடேட்' உடன் கொடுத்தால், ஆதரவு இல்லாத கோப்பு முறைமையில் அழைப்பு பிழையோடு திரும்பும். ஆதரவு இருந்தால், பக்கத்தில் எழுத முதன்முறை முயலும்போது நேரும் பக்கப் பிழையிலேயே (இது தவறன்று; கட்டுப்பாடு கெர்னலிடம் போகும் இடைநிறுத்தம்), அந்தப் பக்கம் கோப்பின் எந்த இடம் என்னும் விவரத்தைக் கெர்னல் நிலைப்படுத்திவிட்டுத்தான் எழுத அனுமதிக்கும்.

அதன் பிறகும் நீங்கள் எழுதியது செயலியின் தற்காலிகச் சேமிப்பான கேஷிலேயே தங்கியிருக்கக்கூடும். ஆகவே மூட்டைப் பதிவை 64 பைட்டுக்குள், ஒரே கேஷ் வரியில் (கேஷ் ஒன்றாகக் கையாளும் தொகுதியில்) அடங்குமாறு வைத்து எழுதி, 'சிஎல்டபிள்யூபி' கட்டளையால் நினைவகத்துக்குத் தள்ளி, 'எஸ்ஃபென்ஸ்' கட்டளையால் வரிசையை உறுதிசெய்யுங்கள். அதற்குப் பின்னரே 8 பைட் மூட்டை எண்ணிக்கையை ஒன்று கூட்டி, அதையும் அவ்வாறே தள்ளுங்கள். எண்ணிக்கையை முதலில் எழுதினால், எடையே இல்லாத மூட்டை ஒன்று கணக்கில் ஏறிவிடும்.

நிரல் மீண்டும் தொடங்கும்போது எண்ணிக்கையை மட்டும் நம்பி அத்தனை பதிவுகளைப் படித்து, அதற்கு அப்பால் அரைகுறையாகக் கிடப்பதன் மேலேயே அடுத்த மூட்டையை எழுதுங்கள்.