டெஸ்க்டாப்பில் வால்யூம் ஐகான் காணவில்லையா? தேடிப் பிடிக்கும் வழி

கடிகாரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன ஸ்பீக்கர் படம் மறைந்துவிட்டால், போனது படம் மட்டுமா, ஒலியும் சேர்ந்தா என்று முதலில் பாருங்கள். ஏதாவது ஒரு பாட்டை ஓடவிடுங்கள். கேட்கிறது என்றால் உங்கள் ஸ்பீக்கரில் குறையே இல்லை. இதைப் பார்க்காமல்தான் காரைக்குடியில் பலர் நல்ல ஸ்பீக்கரைத் தூக்கிக்கொண்டு பழுது பார்க்கச் செக்காலை ரோட்டுக்குப் போகிறார்கள்.

எங்கள் அப்பத்தாவுக்கு மலேசியாவில் இருக்கும் பேரனோடு வீடியோவில் பேச வேண்டும். ஐகான் வரும்வரை காத்திருக்க மாட்டார்கள். அப்படிப்பட்ட அவசரத்துக்கு, விண்டோஸ் விசையையும் 'ஆர்' விசையையும் சேர்த்து அழுத்தி, வரும் பெட்டியில் எஸ், என், டி, வி, ஓ, எல் என்ற ஆறு எழுத்துகளை இடைவெளியில்லாமல் அடித்து என்டர் தட்டுங்கள். ஒலியைக் கூட்டிக் குறைக்கும் மிக்சர் திறந்துவிடும். பேச்சு முடிந்த பிறகு நிதானமாகப் பழுது பார்க்கலாம்.

1. டாஸ்க்பாரில் (கடிகாரம் இருக்கும் அந்த நீளப் பட்டை) மேல்நோக்கிய சிறு அம்புக்குறியைச் சொடுக்குங்கள். ஐகான் அதற்குள் ஒளிந்திருந்தால் வெளியே இழுத்துவிடுங்கள். வேலை முடிந்தது.

2. விண்டோஸ் 10 என்றால் டாஸ்க்பாரின் காலியிடத்தில் வலது கிளிக் செய்து 'டாஸ்க்பார் செட்டிங்ஸ்' போங்கள். கீழே 'டர்ன் சிஸ்டம் ஐகான்ஸ் ஆன் ஆர் ஆஃப்' இருக்கும். அதில் 'வால்யூம்' சுவிட்சை ஆன் செய்யுங்கள். விண்டோஸ் 11இல் இந்த சுவிட்சைத் தேடி அலைய வேண்டாம். அங்கே ஒலியும் இணையமும் ஒரே பொத்தானாகிவிட்டன.

3. கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜரில் 'விண்டோஸ் எக்ஸ்ப்ளோரர்' மீது வலது கிளிக் செய்து 'ரீஸ்டார்ட்' கொடுங்கள். 'எண்ட் டாஸ்க்' வேண்டாம். கொடுத்தால் டாஸ்க்பாரே போய்விடும். பாதிப் பேருக்கு மேல் இதிலேயே ஐகான் திரும்பிவிடும் என்பது என் அனுபவம்.

4. என்னை நெடுநேரம் உட்கார வைத்தது இதுதான்: வால்யூம் சுவிட்ச் இருக்கிறது, ஆனால் சாம்பல் நிறத்தில் அசைய மறுக்கிறது. விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்து வைத்திருக்கும் இடத்துக்கு ரெஜிஸ்ட்ரி என்று பெயர். ஐகானை மறைக்கச் சொல்லும் ஒரு கட்டளை அதில் உட்கார்ந்திருந்தால் இப்படி ஆகும். ரெஜிஸ்ட்ரி எடிட்டரைத் திறந்து, கைவைக்கும் முன் 'ஃபைல்' மெனுவில் 'எக்ஸ்போர்ட்' கொடுத்து ஒரு பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். இதை விட்டுவிடாதீர்கள். பிறகு 'ஹெச்கீ கரண்ட் யூசர்', 'சாஃப்ட்வேர்', 'மைக்ரோசாஃப்ட்', 'விண்டோஸ்', 'கரண்ட் வெர்ஷன்', 'பாலிசிஸ்', 'எக்ஸ்ப்ளோரர்' என்று வரிசையாக உள்ளே போங்கள். வலப்பக்கம் 'ஹைட் எஸ்சிஏ வால்யூம்' என்ற பெயர் இருந்து அதன் மதிப்பு 1 என்றால், 0 ஆக்குங்கள். அந்தப் பெயரே இல்லையென்றால் 'ஹெச்கீ லோக்கல் மெஷின்' அடியிலும் இதே வழியில் பாருங்கள். மாற்றியதும் படி 3ஐ மறுபடி செய்ய வேண்டும். செய்யாவிட்டால் எதுவும் மாறியதாகத் தெரியாது. அலுவலகக் கணினி என்றால் நீங்கள் தொடாதீர்கள், பொறுப்பாளரிடம் சொல்லுங்கள்.

ஒலியும் இல்லை என்றால் கணினியின் பின்பக்கம் போய், ஸ்பீக்கர் வயர் பச்சைத் துளையில்தான் இருக்கிறதா என்று பாருங்கள். இளஞ்சிவப்பு மைக்குக்கு உரியது. ஹெச்டிஎம்ஐ வயரில் மானிட்டரை இணைத்திருந்தால், ஸ்பீக்கரே இல்லாத மானிட்டருக்குக் கணினி ஒலியை அனுப்பிக்கொண்டிருக்கலாம்; 'சவுண்ட் செட்டிங்ஸ்' போய் வெளியீட்டை மாற்றுங்கள். அதுவும் சரியென்றால் 'சர்வீசஸ்' (பின்னணியில் ஓடும் விண்டோஸ் வேலைகள்) பட்டியலில் 'விண்டோஸ் ஆடியோ'வை ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

டிரைவரை (ஒலி போன்ற பாகங்களை விண்டோஸ் இயக்க உதவும் மென்பொருள்) தானே புதுப்பித்துத் தருவதாகச் சொல்லும் இலவச மென்பொருள்களை நான் வீட்டுக்குள் விடுவதில்லை. மதர்போர்டு தயாரித்த நிறுவனத்தின் தளத்திலிருந்து எடுப்பதே நல்லது.

பின்சேர்க்கை: ஐகான் வந்துவிட்டது, ஆனால் தினமும் காலையில் கணினியைப் போட்டால் மறுபடி காணவில்லை என்று தேவகோட்டையிலிருந்து ஓர் ஆச்சி எழுதியிருந்தார்கள். 'ஷட் டவுன்' கொடுத்தாலும் விண்டோஸ் முழுவதுமாக அணைவதில்லை. 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்ற வசதி பழைய நிலையில் ஒரு பகுதியைச் சேமித்து வைத்துக்கொள்கிறது. 'கண்ட்ரோல் பேனல்', 'பவர் ஆப்ஷன்ஸ்', 'சூஸ் வாட் த பவர் பட்டன்ஸ் டூ' வழியாகப் போய் அதன் டிக்கை எடுத்துவிடுங்கள். டிக் அசையவில்லை என்றால், மேலே நீல எழுத்தில் உள்ள 'சேஞ்ச் செட்டிங்ஸ்' வரியை முதலில் சொடுக்க வேண்டும். ஆச்சி அந்த இடத்தில்தான் நின்றிருந்தார்கள்.