தாவரப் பூங்காவில் கலைக் கண்காட்சி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மண்டபத்தில் கண்காட்சி நடத்திப் பழகியவர்கள் பூங்காவுக்கு வந்ததும் கேட்கும் முதல் கேள்வி, "ஆணி எங்கே அடிக்கலாம்?" குமரி மாவட்டத்தில் நடக்கும் சொதப்பல்களில் பாதி இந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்குகிறது.

முதலில் தேதி. தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் நனைக்கிற மாவட்டம் இது. ஜனவரி முதல் மார்ச் நடுப்பகுதி வரை ஓரளவு நம்பலாம். பள்ளி விடுமுறைக் கூட்டத்தை எண்ணி மே மாதத்தில் வைத்தால், மதியத்துக்கு மேல் இடிமழை வரும் என்று நினைத்தே ஏற்பாடு செய்ய வேண்டும்.

அதோடு திசையும் மாறும். 'ஓவியத்தை வடக்கு பார்த்து வைத்தால் வெயில் படாது' என்பது பொதுவாகச் சொல்வது. 8 டிகிரி அட்சரேகையில் இருக்கும் நமக்கு அது எல்லா மாதமும் பொருந்தாது. ஏப்ரல் இரண்டாம் வாரம் உச்சிவெயில் நேர் தலைக்கு மேல் நிற்கும். பிறகு ஆகஸ்ட் கடைசி வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே. ஆக, ஜனவரியில் வடக்கு பார்த்தும் மே மாதத்தில் தெற்கு பார்த்தும் வையுங்கள். நீர்வண்ண மூலப்படங்களை எந்தத் திசையிலும் வெளியே வைக்க வேண்டாம், நகல் போதும்.

அடுத்தது காற்று. ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்றாலைகள் வரிசையாக நிற்பது சும்மா இல்லை. 8 அடிக்கு 4 அடிப் பலகையில் மணிக்கு 54 கிலோமீட்டர் காற்று மோதினால் குறைந்தது 40 கிலோ விசை விழும். பலகையின் நடு தரையிலிருந்து 5 அடி உயரத்தில் இருக்கிறது, தாங்கியின் அடி முன்பின்னாக 4 அடி அகலம் என்று வைத்துக்கொள்வோம். சாயாமல் இருக்கவே அடியில் 100 கிலோ வேண்டும்: 25 கிலோ மணல் சாக்கு நாலு. திடீர் வீச்சுக்கும் சேர்த்து ஆறு வையுங்கள். ஃபிளெக்ஸில் பிறைபோல ஓட்டை வெட்டினால் காற்று போய்விடும் என்று சிலர் நம்புகிறார்கள். அதனால் குறைவது சொற்பம், ஆனால் கிழிசல் அங்கேயே ஆரம்பிக்கும். மெஷ் துணியில் அச்சடிப்பது மேல்.

பலகை ஆடாமல் இருக்கக் குழி தோண்டி நடலாமே என்று கடப்பாரையை எடுக்கும் இடத்தில்தான் பெரிய சேதம் நடக்கிறது. மரத்துக்கு நீரையும் உரத்தையும் உறிஞ்சித் தரும் மெல்லிய வேர்கள் பெரும்பாலும் மேல்மண்ணில், ஒன்றரை இரண்டு அடிக்குள்தான் பரவியிருக்கும்; அதுவும் கிளை நிழலைத் தாண்டி. ஒரு கணக்கு உண்டு: நெஞ்சு உயரத்தில் மரத்தின் சுற்றளவை டேப்பால் அளந்து நாலால் பெருக்குங்கள். 5 அடி சுற்றளவுள்ள அயினி மரம் என்றால் மூட்டிலிருந்து 20 அடிக்குள் குழியோ, சிமெண்டுக் கலவையோ, வண்டியோ கூடாது. சிமெண்டுச் சட்டி கழுவிய நீர்கூட மண்ணின் காரத்தன்மையை ஏற்றிவிடும். வேர் அறுபட்ட மரம் உடனே வாடாது. ஒன்றிரண்டு வருடம் கழித்து உச்சிக் கிளை காயும்போது, கண்காட்சியை யாரும் நினைவில் வைத்திருக்க மாட்டார்கள்.

கருங்கல் சிலைக்கும் இதே கணக்குத்தான். கருங்கல் கன அடிக்கு சுமார் 75 கிலோ. ஒன்றரை அடிச் சதுரம், 5 அடி உயரம் உள்ள கல் 840 கிலோ. செதுக்கியது போக மிஞ்சுவதும் அரை டன் பக்கம் வரும். கல்சிற்பிகளின் ஊரான மயிலாடியிலிருந்து ஏற்றி வருவது சுலபம், வாசலிலிருந்து புல்தரைக்குக் கொண்டுபோவதுதான் சிக்கல். மழை பெய்த மறுநாள் கிரேன் உள்ளே போனால் மண் இறுகி, காற்றோட்டம் போய், சக்கரம் போன தடத்தில் புல் பட்டுப்போகும். ஈரம் காயக் காத்திருந்து, 18 மி.மீ. பிளைவுட்டை இரண்டடுக்காக விரித்து அதன் மேல் ஓட்டுங்கள். முக்காலி நிறுத்தி, சங்கிலியால் கனம் தூக்கி இறக்கும் செயின் பிளாக்கில் இறக்க முடிந்தால் இன்னும் நல்லது.

கன்னியாகுமரிப் பூங்கா மாதிரிக் கடலை ஒட்டிய இடங்களில் உப்புக்காற்று சாதாரண இரும்பு ஸ்க்ரூவைச் சில வாரங்களிலேயே துருவேற்றி, ஓவியத்தில் பழுப்புக் கோடு இறக்கிவிடும். நாலு ரூபாய் மிச்சம் பார்க்காமல் 316 ரக ஸ்டெயின்லெஸ் வாங்குங்கள். கடலோரத்துக்கு 304 போதாது. அலுமினியச் சட்டத்தில் இரும்பு ஸ்க்ரூ போட்டால் இரண்டும் கெடும்.

சின்ன விஷயங்களும் உண்டு. தென்னை மூட்டில் சிலையும் வேண்டாம், பெஞ்சும் வேண்டாம். மரச்சிற்பத்தை மண்ணில் நேரே நிறுத்தினால் கரையான் ஏறும், அடியில் கல் கொடுங்கள். தெளிப்பான் எங்கே சுற்றுகிறது என்பதைத் தோட்டக்காரரிடம் கேட்டுவிட்டுப் பலகையை வையுங்கள். விளக்கு இணைப்பில், மின்கசிவு வந்தால் தானே மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இல்லாமல் ஸ்விட்ச் போடாதீர்கள்.

மரத்தில் ஏதாவது கட்டியே தீர வேண்டுமென்றால் இரண்டங்குல அகலத் துணிப் பெல்ட்டால் மட்டும் கட்டுங்கள், கம்பி கூடாது. கழற்றும் நாளில் எண்ணிப் பாருங்கள்: 60 கட்டியிருந்தால் 60 திரும்ப வர வேண்டும். விட்டுப்போகும் ஒரு பெல்ட் போதும், மரம் பருக்கப் பருக்கப் பட்டையை இறுக்கி உள்ளே புதைந்துவிடும்.