ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பாலிஷ்: வேகத்தைக் குறையுங்கள்

பெசன்ட் நகர், திருவான்மியூர் பக்கம் கடற்காற்று படும் பால்கனிக் கைப்பிடிகளில் பழுப்புக் கறை சீக்கிரமே வந்துவிடும். அதைத் தேய்க்க, வேகம் மாற்றக்கூடிய கை கிரைண்டரை (டிஸ்க் சுழன்று தேய்க்கும் கருவி)க் குறைந்த வேகத்தில் வைத்தே தொடங்குங்கள். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வெப்பத்தை எளிதில் கடத்தாது. முழு வேகத்தில் ஒரே இடத்தில் அழுத்தினால் அங்கே நீலம் பூத்துவிடும். டிஸ்க்கின் கிரிட் எண்ணில் (எண் கூடக் கூட சொரசொரப்பு குறையும்) 120, 240, 400 எனப் படிப்படியாகப் போங்கள். ஒவ்வொரு தடவையும் திசையைக் குறுக்காக மாற்றினால், முந்தைய கீறல் போய்விட்டதா என்று கண்ணுக்குத் தெரியும். அப்புறம் பஃபிங் வீலில் (மெருகேற்றும் மென்மையான சக்கரம்) பச்சை பாலிஷ் கட்டியைக் கொஞ்சம் தடவினால் போதும்.

சாதா இரும்பில் ஓட்டிய டிஸ்க்கை மட்டும் இதில் வைக்கவே வைக்காதீர்கள்! இரும்புத் துகள் பதிந்து, அடுத்த மழைக்கே துரு பிடிக்கும். கண்ணாடியும் மாஸ்க்கும் கட்டாயம்.