குணகம் எடுக்கும்போது விடும் பிழைகள்

கொழும்பு வெள்ளவத்தையில் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். போன கிழமை பன்னிரண்டு கொப்பி திருத்தினேன், அதில் ஏழில் ஒரே பிழை. பதினாறு வயதில் நானும் விட்ட அதே பிழை! கூட்டலில் தடுமாறுவது, எண்ணைப் பார்த்து மாற்றி எழுதுவது எல்லாம் எழுத எழுதச் சரிவரும், அவற்றை விடுவோம்.

எக்ஸ் தனியாக நின்றால்

குணகம், அதாவது எக்ஸைப் பெருக்கும் எண், 1. பூச்சியம் இல்லை.

நிற்கும் இடத்தைப் பார்த்து எடுப்பது

இதற்குத்தான் இன்றும் எனக்கு எரிச்சல் வருகிறது. கணக்கு இது: 8 + 2எக்ஸ் − எக்ஸ்² = 0. இருபடிச் சமன்பாட்டுச் சூத்திரத்தில் ஏ என்பது எக்ஸ்²இன் குணகம், பீ எக்ஸின் குணகம், சீ தனி எண். அதை வெறுமனே ஏ, பீ, சீ என்று பாடமாக்கிய பிள்ளை, முதலில் நிற்கும் 8ஐ ஏ என்று எடுத்து, 2ஐ பீ என்றும் −1ஐ சீ என்றும் போட்டுவிடும். வர்க்கமூலத்துக்குள் வரும் பீ² − 4ஏசீ இங்கே 4 + 32, அதாவது 36, வெளியே அழகாக 6. சரியாக ஏ = −1, சீ = 8 என்று போட்டாலும் அதே 36தான் வரும், ஏனென்றால் அங்கே ஏயையும் சீயையும் பெருக்கத்தானே செய்கிறோம், இடம் மாறினால் என்ன. சூத்திரத்தில் கோட்டுக்குக் கீழே இருக்கும் 2ஏ மட்டும்தான் காட்டிக்கொடுக்கும்: 4, −2 என்று வரவேண்டிய விடை கால், சய அரை (−1/2) என்று தலைகீழாகக் கிடக்கும். எண் அசிங்கமாக வந்தாலாவது சந்தேகம் வரும். எனக்கு வரவில்லை. மாதிரிப் பரீட்சையில் விடைக்கு இரட்டைக் கோடு போட்டுவிட்டு, நேரம் மிச்சம் என்று பென்சில் சீவிக்கொண்டிருந்தேன்.

குணித்தல் என்றால் பெருக்கல். எக்ஸ் வர்க்கத்தை எது பெருக்குகிறதோ அதுதான் அதன் குணகம், அது வரிசையில் முன்னுக்கு நின்றாலும் சரி, கடைசியில் ஒளிந்துகொண்டிருந்தாலும் சரி.

சயத்தை விட்டுவிடுவது

அதே கணக்கில் ஒரு பிள்ளை ஏ = 1 என்று போட்டு, 4 − 32 வந்ததும் எழும்பி, "சேர், கணக்கே பிழை, வர்க்கமூலம் எடுக்க ஏலாது" என்றாள். "ஏலாதுதான், சயத்தை பஸ்ஸில விட்டுட்டு வந்தா எப்பிடி ஏலும்?" என்றேன். முன்னால் நிற்கும் குறியும் குணகத்தோடு சேர்ந்ததுதான்.

அடைப்புக்குறி

3(எக்ஸ் − 2) + எக்ஸ். விரித்துச் சுருக்கிவிட்டு எக்ஸின் குணகத்தை எடுங்கள்: 4.

விடையைப் போட்டுப் பார்க்காதது

முதல் கணக்கில் எக்ஸ் = 4 என்றால் 8 + 8 − 16 = 0, விடை சரி. பத்து செக்கன்கூட ஆகாது. இதைச் சொன்னதும் பின்வாங்கிலிருந்து ஒருவன் கேட்டான்: "அதுக்கும் புள்ளி இருக்கா சேர்?"