லேப்டாப் ரேமும் டெஸ்க்டாப் ரேமும் ஒண்ணா? பார்த்து வாங்கி மாட்டுறது எப்படி

ரெண்டுலயும் இருக்குற மெமரி சிப் ஒரே ரகம்தான், ஆனா அது உக்காந்திருக்குற பலகை வேற. டெஸ்க்டாப்புக்கு வர்றது டிம், சுமார் 13 செ.மீ நீளம். லேப்டாப்புக்கு சோடிம், கிட்டத்தட்ட அதுல பாதி. ஒண்ணை இன்னொண்ணுல மாட்டவே முடியாது. இதுல ஒரு விதிவிலக்கு, மினி பிசி, ஆல் இன் ஒன் எல்லாம் டெஸ்க்டாப்னு சொல்லி விப்பாங்க, பெரும்பாலும் உள்ள இருக்குறது சோடிம்தான்.

முதல்ல விண்டோஸ்ல கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூணையும் சேர்த்து அழுத்துங்க, டாஸ்க் மேனேஜர் வரும், அதுல பெர்ஃபார்மன்ஸ் போய் மெமரியைத் தட்டுனா ஸ்பீடு, எத்தனை ஸ்லாட் (ரேம் மாட்டுற இடம்), ஃபார்ம் ஃபேக்டர் (டிம்மா, சோடிமான்னு காட்டுற வரி) எல்லாம் கீழயே இருக்கும். ஃபார்ம் ஃபேக்டர்ல 'ரோ ஆஃப் சிப்ஸ்'னு வந்தா ரேமை போர்டுலயே சால்டர் பண்ணி, கழட்ட முடியாதபடி ஒட்டிருக்காங்கன்னு அர்த்தம், தனியா ஸ்லாட் இருக்கான்னு மாடல் நம்பரை வச்சு தேடிப் பாருங்க, மேக்புக் ஏர் மாதிரி ஸ்லாட்டே இல்லைன்னா ஆசையை விட்ருங்க.

அடுத்து பவரை ஆஃப் பண்ணிட்டு பழைய ரேமைக் கழட்டி லேபிளைப் படிங்க, கடைக்காரர் சொல்றதை விட நான் இதைத்தான் நம்புவேன். 'பிசி4-2666வி-எஸ்'னு போனா டிடிஆர்4, அதாவது நாலாவது தலைமுறை, லேப்டாப் ரேம், அந்த எஸ் இடத்துல யு இருந்தா டெஸ்க்டாப். பழைய டிடிஆர்3ல 'பிசி3எல்-12800எஸ்'னு வரும், அந்த எல்-ஐ விட்றாதீங்க, அது 1.35 வோல்ட் ரேம், எல் இல்லாதது 1.5 வோல்ட், இன்டெல் நாலாவது ஜெனரேஷன் லேப்டாப்புக்கு எல் போட்டதைத்தான் வாங்கணும். டெஸ்க்டாப்ல டிடிஆர்4, டிடிஆர்5 ரெண்டுக்குமே 288 பின்தான், ஆனா நடுவுல இருக்குற வெட்டு தள்ளி இருக்கும், அதனால மாத்திப் போட முடியாது, அழுத்தி முயற்சி பண்ணாதீங்க.

மாட்டுறதுக்கு முன்னாடி ஷட்டவுன் பண்ணி சார்ஜரை எடுத்துருங்க, லேப்டாப்னா உள்ள பேட்டரி கனெக்டரையும் கழட்டிருங்க. சோடிமை சாய்வா, 30 டிகிரி மாதிரி, தங்கக் கலர் பின் உள்ள போற வரைக்கும் தள்ளி, அப்புறம் கீழ அமுக்குனா ரெண்டு பக்க கிளிப்பும் டக்குனு பிடிச்சுக்கும். டெஸ்க்டாப்ல நேரா மேலருந்து ரெண்டு முனையையும் அழுத்தணும், கொஞ்சம் பலமாவே. நாலு ஸ்லாட் இருந்து ரெண்டு ரேம்தான் இருக்குன்னா பெரும்பாலான போர்டுல ப்ராசஸர்ல இருந்து ரெண்டாவது, நாலாவது ஸ்லாட்ல போடுங்க, அப்பதான் ரெண்டு ரேமும் ஒரே நேரத்துல வேலை செய்யுற டூயல் சேனல் ஓடும்.

வேற வேற ஸ்பீடு போட்டா, ஓடுனாலும் ரெண்டும் மெதுவானதோட ஸ்பீடுலதான் ஓடும். டிடிஆர்5 போட்டு ஆன் பண்ணா முதல் தடவை ஸ்கிரீன் சில நிமிஷம் கருப்பாவே நிக்கும், பயந்து பவரை ஆஃப் பண்ணிராதீங்க. ரொம்ப நேரமாகியும் ஒண்ணும் வரலைன்னா திரும்பக் கழட்டி ஒவ்வொரு ரேமா தனித்தனியா போட்டுப் பாருங்க, பாதி கேஸ்ல சரியா உக்காராததுதான் பிரச்சனை.