வெற்றுப் பதில் வந்தால் ஸ்கிரிப்ட் என்ன செய்ய வேண்டும்?

மேட்டூர் அணையின் நீர்மட்டம், நீர்வரத்து, திறப்பு ஆகியவற்றை நாள்தோறும் காலையில் ஓர் இணையச் சேவையிலிருந்து எடுத்து, திருத்துறைப்பூண்டிப் பக்கத்துக் கடைமடை விவசாயிகளுக்குக் குறுஞ்செய்தியாக அனுப்பும் பைதான் ஸ்கிரிப்ட் ஒன்றைப் பராமரித்து வருகிறேன். குறுவைக்கு நாற்றங்கால் விட்டிருந்த நேரத்தில் ஒருநாள் சேவையிலிருந்து வெற்றுப் பதில் வர, ‘ஆற்றுத் திறப்பு 0 கனஅடி’ என்று செய்தி போய்விட்டது. அணையை மூடிவிட்டார்களா என்று பலர் பதறிப்போய்க் கேட்டார்கள். மதிப்பு கிடைக்காத இடத்தில் சுழியத்தை இட்டு நிரப்பும்படி நான் எழுதியிருந்த ஒரு வரியே அதற்குக் காரணம்.

வெற்றுப் பதில் ஒரே உருவில் வருவதில்லை. ஒவ்வொரு பதிலோடும் சர்வர் அனுப்பும் எண்ணான நிலைக் குறியீடு (status code) 204 என்றால், அனுப்ப உள்ளடக்கம் இல்லை என்று சர்வரே சொல்லிவிடுகிறது. 200 என்று வந்தும் உள்ளே ஓர் எழுத்துகூட இல்லாமலிருக்கலாம்; அல்லது [], {} என வெறும் அடைப்புக்குறிகள் மட்டும் வரலாம். ஆகவே முதலில் நிலைக் குறியீட்டையும், அடுத்து இடைவெளிகளை நீக்கியபின் எழுத்து ஏதும் மிஞ்சுகிறதா என்பதையும் பார்த்துவிட்டு, அதன் பிறகே ஜேசனாக (JSON, தரவை அனுப்பும் ஓர் உரை வடிவம்) பிரிக்க வேண்டும். காலி உரையைப் பிரிக்க முயன்றால் முதல் வரி, முதல் இடத்திலேயே பிழை என்று பைதான் காட்டும். அதைக் கண்டு ஜேசன் சிதைந்து வந்திருப்பதாக எண்ணிப் பலர் மணிக்கணக்கில் தேடுகிறார்கள்.

மிகுந்த கவனம் தேவைப்படுவது மதிப்பைச் சோதிக்கும் இடத்தில்தான். பைதானின் ‘இஃப் நாட்’ (if not) சோதனைக்கு 0, மதிப்பே இல்லை என்பதைக் குறிக்கும் நன் (None) இரண்டும் ஒன்றே. மேட்டூரின் கிழக்கு, மேற்குக் கரைக் கால்வாய்களில் பாசனக் காலம் முடிந்தபின் திறப்பு உண்மையிலேயே 0 ஆக இருக்கும். அதை வெற்று என்று தள்ளிவிட்டால் அதுவும் பிழையான செய்திதான். எனவே திறப்பு என்ற புலம் (field) பதிலில் இருக்கிறதா என்பதையும், இருந்தால் அதன் மதிப்பு நன்னா என்பதை ‘இஸ் நன்’ (is None) கொண்டும் தனித்தனியே கேளுங்கள்.

வெற்றுப் பதில் உறுதியானால், ஐந்து, பத்து, இருபது நிமிட இடைவெளிகளில் மூன்று முறை மீண்டும் கேட்டுப் பார்ப்பது போதும். ஒவ்வொரு முறையும் வந்த பதிலை நேரத்தோடும் நிலைக் குறியீட்டோடும் அப்படியே பதிவுக் கோப்பில் எழுதி வையுங்கள். அப்போதும் வராவிட்டால், ‘இன்றைய அளவு இன்னும் கிடைக்கவில்லை; நேற்றுக் காலை 8 மணி நிலவரம் இது’ என்று தேதியோடு செய்தி அனுப்ப வேண்டும்.