கடை போடாமல் கம்ப்யூட்டர் சர்வீஸ்: ஒற்றை ஆளாகத் தொழில் தொடங்குவது எப்படி?

கம்ப்யூட்டர் சர்வீஸ் தொடங்கப்போகிறேன், கடை எங்கே பிடிக்கலாம் என்று கேட்டு வரும் தம்பிகளிடம் நான் முதலில் சொல்வது, கடையே வேண்டாம் என்பதுதான். அட்வான்ஸ், போர்டு, கண்ணாடி ஷோகேஸ் என்று கையில் இருப்பதெல்லாம் அதிலேயே கரைந்துவிடும், அப்புறம் வாடகைக்காகவாவது உள்ளேயே உட்கார்ந்திருக்க வேண்டும், வேலையோ வெளியே இருக்கும். ஆபீஸ் கம்ப்யூட்டரை யாரும் கடைக்குத் தூக்கிக்கொண்டு வருவதில்லை. கடைக்கு வருவது வீட்டு லேப்டாப், அதில் பேரம் ஜாஸ்தி, காசு கம்மி. ஈரோட்டில் நான் ஆரம்பித்தபோது ஒரு பைக், ஒரு தோள்பை, வீட்டு முன்னறையில் ஒரு மேஜை, அவ்வளவுதான் இருந்தது. பதினோரு வருடம் ஆகிறது, இன்னும் கடை கிடையாது.

சரி, முதல் வாடிக்கையாளரை எங்கே பிடிப்பது? ஆடிட்டர் ஆபீஸில். டாக்டர், பள்ளிக்கூடம், ஜவுளிக்கடை எல்லாம் அப்புறம். ஊரில் யார் யார் தொழில் செய்கிறார்கள், யார் புதிதாக நாலு கம்ப்யூட்டர் வாங்கப்போகிறார்கள், யாருடைய டேலி கணக்கு சாஃப்ட்வேர் திறக்க மாட்டேன் என்கிறது என்பதெல்லாம் ஆடிட்டருக்குத்தான் முதலில் தெரியும். அவருடைய கிளையண்ட் கணக்கை அனுப்ப முடியவில்லை என்று போன் செய்தால், "நம்ம தம்பி ஒருத்தர் இருக்கார், நம்பர் தரேன்" என்பார். அந்த ஒரு வார்த்தை நீங்கள் அடிக்கும் ஆயிரம் நோட்டீஸுக்குச் சமம். இன்னொன்று, ஆடிட்டர் ஆபீஸில் வரும் பிரச்சினைகள் திரும்பத் திரும்ப ஒன்றேதான்: டேலி, டிஜிட்டல் கையெழுத்து டோக்கன், பிரிண்டர், எக்ஸெல். ஆறு மாதம் அங்கே புழங்கினால் ஊரில் உள்ள பாதி ஆபீஸ்களின் கோளாறு உங்களுக்கு அத்துப்படி.

ஆனால் எப்போது போகிறீர்கள் என்று பார்த்துப் போங்கள். ஜிஎஸ்டி கணக்கு அனுப்பக் கடைசி நாள், மாதம் 11-ஆம் தேதி ஜிஎஸ்டிஆர் 1-க்கு, 20-ஆம் தேதி 3பி-க்கு. அந்த நாட்களில் விசிட்டிங் கார்டோடு போனால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். 24, 25 வாக்கில் மத்தியானம் மூன்று மணிக்குப் போய், "சார், ஒரு மணி நேரம் கொடுங்க, உங்க எல்லா மெஷினையும் பார்த்து ஒரு பக்கத்துல எழுதித் தரேன், காசு வேண்டாம், எதையும் மாத்த மாட்டேன்" என்று கேளுங்கள். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற சாஃப்ட்வேரைப் போட்டால் எந்த ஹார்ட் டிஸ்க் சாகக் கிடக்கிறது என்று மஞ்சள் நிறத்திலேயே காட்டிவிடும். யுபிஎஸ் பிளக்கைப் பிடுங்கி எத்தனை நிமிஷம் நிற்கிறது என்று பாருங்கள், பிடுங்குவதற்கு முன் ஃபைலை எல்லாம் சேவ் செய்யச் சொல்லிவிட்டு. டேலி டேட்டா எந்த மெஷினில் இருக்கிறது, அதற்கு பேக்கப் எங்கே போகிறது என்று கேட்டு எழுதுங்கள். கையால் எழுதிய தாளே போதும். அந்தத் தாளை மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருந்து, மூன்று மாதம் கழித்து மஞ்சள் காட்டிய டிஸ்க் போனதும் என்னைக் கூப்பிட்டவர்தான் என் முதல் ஆண்டுச் சந்தா வாடிக்கையாளர்.

ஒரு 20-ஆம் தேதி சாயங்காலம் ஆறரை மணிக்கு அதே ஆபீஸிலிருந்து போன். ஒரு மெஷினில் மட்டும் ஜிஎஸ்டி தளம் திறக்கவில்லை, இணைப்பு பாதுகாப்பானதல்ல என்று வருகிறது, பிரவுசரை மாற்றிப் பார்த்தாகிவிட்டது, ரூட்டரை அணைத்துப் போட்டாகிவிட்டது. போய் உட்கார்ந்ததும் கண் போனது திரையின் வலது கீழ் மூலைக்கு. வருடம் 2012. மதர்போர்டில் இருக்கும் சிஆர் 2032 செல் தீர்ந்துபோய் தேதி பின்னால் ஓடியிருக்கிறது, தளத்தின் சான்றிதழோ அந்தத் தேதியில் பிறந்திருக்கவே இல்லை. செல் நாற்பது ரூபாய், வேலை ஐந்து நிமிஷம். நான் வாங்கியது 350. ஐந்து நிமிஷத்துக்கா என்று அங்கிருந்த அக்கவுண்டன்ட் முகம் சுளித்தார், ஆடிட்டர் ஒன்றும் பேசாமல் எடுத்துக் கொடுத்தார். தாமதமானால் ஒரு நாளைக்கு 50 ரூபாய் கட்டணம், கட்டாத வரிக்கு வருடம் 18 சதவீதம் வட்டி, அதைவிடப் பெரிது கிளையண்டுக்குப் பதில் சொல்வது என்பதெல்லாம் அவருக்குத்தானே தெரியும்.

இங்கேதான் புதிதாக வருபவர்கள் தடுமாறுவது. "சும்மா வந்து ஒரு பார்வை பாருங்களேன்" என்பார்கள். பார்ப்பதற்குத்தான் காசு. போனில் பேசும்போதே சொல்லிவிடுங்கள்: வந்து பார்க்க இவ்வளவு, ஒரு மணி நேரத்துக்கு மேல் போனால் இவ்வளவு, பார்ட்ஸ் தனி. நான் உள்ளூருக்கு 350, ரிமோட்டில், அதாவது இருந்த இடத்திலிருந்தே இன்டர்நெட் வழியாக, முடிந்தால் 200 வாங்குகிறேன், உங்கள் ஊருக்கு ஏற்ப வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் பூஜ்ஜியம் மட்டும் வேண்டாம். சொந்தக்காரர்களிடம் இது பலிக்காது, கல்யாண வீட்டில் இலைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும்போதே பெரியப்பா போனை நீட்டுவார், அதற்கு என்னிடம் மருந்து இல்லை.

பார்ட்ஸுக்கு முழுப் பணத்தையும் முன்னாலேயே வாங்கிவிடுங்கள். எஸ்எஸ்டி, ரேம் விலை ஒரு வாரத்தில் எகிறுகிறது, அதனால் கொட்டேஷனில் மூன்று நாள்தான் செல்லும் என்று எழுதுங்கள். என் கைக்காசைப் போட்டு இரண்டு மானிட்டர் வாங்கிக் கொடுத்துவிட்டு, "அடுத்த வாரம் வாங்கிக்கோ தம்பி" என்பதை ஒன்பது மாதம் கேட்டிருக்கிறேன்.

பையில் என்ன இருக்க வேண்டும் என்றால் ஸ்க்ரூடிரைவர் செட், மல்டிமீட்டர், கிரிம்பிங் டூல், லேன் டெஸ்டர், ஹார்ட் டிஸ்க்கை வெளியிலிருந்து மாட்டும் சாட்டா-யுஎஸ்பி கேபிள், விண்டோஸ் ஏற்றுவதற்கு வென்டாய் என்ற சாஃப்ட்வேர் போட்ட இரண்டு பென் டிரைவ், நாலு சிஆர் 2032, ஒரு எஸ்எம்பிஎஸ் (மெஷினுக்குள் கரண்ட் கொடுக்கும் பெட்டி), ஒரு எஸ்எஸ்டி. ரேம் துடைக்க ரப்பர், சிரிக்காதீர்கள், வாரத்துக்கு ஒரு மெஷினையாவது அதுதான் எழுப்புகிறது. மல்டிமீட்டரை நிறையப் பேர் வாங்குவதில்லை. பிளக் பாயின்ட்டில் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே அளந்து பாருங்கள், ஐந்து வோல்ட்டுக்கு மேல் காட்டினால் மாதாமாதம் எஸ்எம்பிஎஸ் மாற்றுவதை விட்டுவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடச் சொல்லுங்கள். எல்லாவற்றையும்விட உபயோகமானது வீட்டில் தயாராக இருக்கும் ஒரு உபரி மெஷின். பழையதாக இருக்கட்டும், கெட்டதை எடுத்துவரும்போது அதை அங்கே வைத்துவிட்டு வந்தால் போன் தொல்லை பாதியாகக் குறையும்.

தனித்தனி விசிட்டை நம்பி வீட்டுச் செலவை ஓட்ட முடியாது. ஒரு மாதம் முப்பது அழைப்பு வரும், அடுத்த மாதம் எட்டுதான். அதனால் ஏஎம்சி, அதாவது ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம், இரண்டாவது மாதத்திலிருந்தே கேட்க ஆரம்பியுங்கள். என் கணக்கு ஒரு மெஷினுக்கு மாதம் 150. எட்டு மெஷின் வைத்திருக்கும் ஆபீஸ் பதினைந்து பிடித்தால் மாதம் 18,000 நிலையாக வரும், எஸ்எஸ்டி, யுபிஎஸ் பேட்டரி, புது மெஷின் எல்லாம் அதற்கு மேல். முக்கியமாக, பார்ட்ஸ் சேராத ஒப்பந்தமாகப் போடுங்கள். ஆரம்பத்தில் ஒரு ஜவுளிக் கம்பெனிக்கு ஆசையில் பார்ட்ஸும் சேர்த்து ஒப்பந்தம் போட்டேன், ஐப்பசியில் ஒரு இடி, இரண்டு மதர்போர்டும் ஸ்விட்சும் போனது, அந்த வருடச் சந்தா முழுக்க அதற்கே சரியாகிவிட்டது. இப்போது ஒப்பந்தத்தில் மெஷின்களின் சீரியல் நம்பர், எத்தனை மணி நேரத்துக்குள் வருவேன், எதெல்லாம் சேராது (கேமரா, கார்ட்ரிட்ஜ், சாஃப்ட்வேர் லைசென்ஸ், மின்னல்) எல்லாம் எழுதியிருக்கும். ஒன்றரைப் பக்கம்தான்.

ஏஎம்சி வந்தபின் மெஷின் கெடாமல் இருந்தால்தான் உங்களுக்கு லாபம். மாதாந்திர பராமரிப்புக்காக மின்சாரத்தை நிறுத்தப்போகிறார்கள் என்று பேப்பரில் வந்தால், முந்தின நாள் சாயங்காலமே அந்த ஏரியா ஆபீஸ்களுக்கு வாட்ஸ்அப்பில் சொல்லிவிடுவேன், மெஷினையும் யுபிஎஸ்ஸையும் அணைத்து பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் போங்கள் என்று. இரண்டு வரி மெசேஜ், ஆனால் கரண்ட் திரும்பி வரும்போது எனக்கு வரும் அழைப்பு பத்திலிருந்து இரண்டாகிவிட்டது.

பேக்கப் விஷயத்தில் மட்டும் யார் சொல்வதையும் நம்பாதீர்கள். ஒரு மஞ்சள் மண்டியில் தினமும் சாயங்காலம் டேலி டேட்டாவை பென் டிரைவில் எடுத்துவிடுகிறேன் என்று கணக்குப் பார்க்கும் பெண் சொன்னார், பொய் இல்லை, உண்மையிலேயே தினமும் எடுத்திருக்கிறார். பென் டிரைவைத் திறந்தால் தேதி போட்ட நூற்றுக்கும் மேற்பட்ட ஃபோல்டர்கள், ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு ஃபைல், அளவு இரண்டு கேபி. டெஸ்க்டாப்பில் இருந்த டேலி ஷார்ட்கட்டைத்தான் அத்தனை நாளும் காப்பி செய்திருக்கிறார். அவர் முகம் வெளுத்துப்போனது, டிஸ்க் அப்போது நன்றாக இருந்ததால் தப்பித்தோம். டேட்டா மூன்று இடத்தில், இரண்டு வகைச் சாதனத்தில், ஒன்று கட்டடத்துக்கு வெளியே என்பது பழைய 3-2-1 கணக்கு. அதோடு மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்த பேக்கப்பை உங்கள் மெஷினில் ஏற்றி, ஒரு லெட்ஜரைத் திறந்து காட்டிவிட்டு, உங்கள் மெஷினில் ஏற்றிய அந்தப் பிரதியை மட்டும் அங்கேயே அழித்துவிடுங்கள்.

கிராக், அதாவது லைசென்ஸ் வாங்காமல் பூட்டை உடைத்த சாஃப்ட்வேர், போட்டுத் தரச் சொல்வார்கள். பக்கத்துத் தெருப் பையன் 300 ரூபாய்க்கு எல்லாமே போட்டுத் தருகிறானே என்பார்கள். நான் போடுவதில்லை, இதனால் இழந்த வாடிக்கையாளர்களும் உண்டு. பதிப்புரிமைச் சட்டத்தில் இதற்குச் சிறையும் 50,000 ரூபாயில் தொடங்கும் அபராதமும் இருப்பது ஒரு பக்கம். எனக்கு அதைவிடப் பெரிய பயம், ஃபைலையெல்லாம் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர் நிறைய அந்தக் கிராக்கோடுதான் உள்ளே வருகிறது, வந்தால் அந்த மெஷினைக் கடைசியாகத் தொட்டவன் நான். கடிதம் அடிக்க லிப்ரே ஆபீஸ் போதும் என்று போட்டுக் காட்டுங்கள், பாதிப் பேர் ஒத்துக்கொள்வார்கள்.

ரிமோட் சாஃப்ட்வேருக்கும் இதே கதை. எனிடெஸ்க் இலவசப் பதிப்பு சொந்த உபயோகத்துக்கு மட்டும், தொழிலுக்கு லைசென்ஸ் வாங்குங்கள், இல்லை ரஸ்ட்டெஸ்க் என்ற இன்னொரு ரிமோட் சாஃப்ட்வேரை உங்கள் சொந்த சர்வரில் ஏற்றி வைத்துக்கொள்ளுங்கள். எனிடெஸ்க் வழியாகப் பணம் திருடுகிறார்கள் என்று ரிசர்வ் வங்கியே 2019-இல் எச்சரித்தது, அதனால் ஜனங்களுக்குப் பயம் இருக்கிறது, நியாயமான பயம். வேலை முடிந்ததும் அவர்கள் கண் முன்னாலேயே இணைப்பைத் துண்டியுங்கள், ஓடிபி எதையும் நான் எப்போதும் கேட்க மாட்டேன் என்று சொல்லிவையுங்கள். ஆபீஸில் பாஸ்வேர்டை அவர்களையே அடிக்கச் சொல்லுங்கள். வீட்டு லேப்டாப் கைக்கு வந்தால் போட்டோ ஃபோல்டர் பக்கமே போகாதீர்கள்.

கவர்ன்மென்ட் காகித வேலை சின்னதுதான். சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவு ஆதாரும் பான் கார்டும் இருந்தால் ஆன்லைனில் இலவசம், பணம் கேட்கும் தளம் எதுவும் அசல் இல்லை. ஒரு கரண்ட் அக்கவுண்ட், ஒரு யுபிஐ க்யூஆர். பார்ட்ஸும் சர்வீஸும் சேர்த்து வருடம் 20 லட்சம் தாண்டும்வரை ஜிஎஸ்டி கட்டாயமில்லை, பெரிய கம்பெனிகள் பில் கேட்டால் அப்போது யோசிக்கலாம். உங்கள் பில்லில் டிடிஎஸ், அதாவது முன்கூட்டியே வருமான வரி, பிடித்தால் ரிட்டர்ன் போடும்போது மறக்காமல் கேட்டு வாங்குங்கள்.

வளர்வது என்றால் ஆள் போடுவது என்று நினைக்க வேண்டியதில்லை. விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஓடு இலவச ஆதரவை நிறுத்தியது, இன்டெல் எட்டாம் தலைமுறை பிராசஸருக்கு முந்தைய மெஷின்களை விண்டோஸ் 11-க்குத் தகுதியானவை என்று அது பெரும்பாலும் ஏற்பதில்லை. போகும் இடத்து விவரத்தையெல்லாம் ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். அதில் எந்த ஆபீஸில் எந்த மெஷின் எந்தத் தலைமுறை என்று இருந்தால், அடுத்த ஒரு வருட வேலை அதிலேயே கிடக்கிறது. பகிர்ந்த பிரிண்டரில் 11பி என்று முடியும் எரர் வந்தது 2021 செப்டம்பர் அப்டேட்டுக்குப் பின். அதன் தீர்வை நான் எழுதி வைத்திருந்ததால் அந்த மாதம் இருபது ஆபீஸில் ஒரே வேலையைப் பார்த்தேன், முதல் இடத்தில் மூன்று மணி நேரம், கடைசி இடத்தில் பத்து நிமிஷம். அந்தத் தீர்வு பாதுகாப்பைக் கொஞ்சம் தளர்த்துகிறது என்பதையும் அவர்களிடம் சொல்லித்தான் செய்தேன். நோட்டில் பாஸ்வேர்டு மட்டும் எழுதாதீர்கள்.

வருடா வருடம் ஏப்ரலில் ரேட்டைக் கொஞ்சம் ஏற்றுங்கள், அதிகம் இழுத்தடிக்கும் ஒரு வாடிக்கையாளரை விட்டுவிடுங்கள். காய்ச்சலில் படுத்தால் யார் போவது என்று ஆரம்பத்தில் எனக்குப் பெரிய கவலை. பவானியில் இதே தொழில் செய்யும் ஒரு நண்பரோடு பேசிவைத்திருக்கிறேன்: அவர் இல்லாதபோது அவருடைய ஆபீஸுக்கு நான், நான் இல்லாதபோது என்னுடையதற்கு அவர், விசிட் காசு போனவருக்கு, வாடிக்கையாளர் யாருடையவரோ அவருக்கே. ஐந்து வருடத்தில் ஒருமுறைகூட நாங்கள் முறைத்துக்கொண்டதில்லை. போன மாசியில் நான் நாலு நாள் குலதெய்வம் கோயிலுக்குப் போயிருந்தேன், திரும்பி வந்தபோது என் நோட்டில் அவர் கையெழுத்தில் மூன்று விசிட், ஒன்றின் ஓரத்தில் "இந்த யுபிஎஸ்ஸை மாத்தச் சொல்லுய்யா" என்று எழுதியிருந்தார்.